நேர் பார்த்தல்

“வண்டி இடப்பக்கமா இழுக்குதும்மா” என்றான் வெயிலுமுத்து.

மடத்தம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“முன்னாடி இழுக்கலையே.”

“முன்னாடி முட்டிச்சு. இப்ப இழுக்குது.”

“எது தேவலை?”



கரட்டடி மடத்தில் பூசை கிடையாது. பிரசங்கம் கிடையாது. கேட்பாரில்லாமல் செத்தவர்களை எடுத்து வந்து புதைப்பது ஒன்றுதான் அங்கே வேலை. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து தகவல் வரும். வெயிலுமுத்து பிக்கப்பை எடுத்துக்கொண்டு போவான். ஏற்றிக்கொண்டு வருவான்.

யார் ஏற்றிக்கொண்டு வந்தானோ அவனே அன்றைக்கு உறவு. அவனே வாய்க்கரிசி போட வேண்டும். மடத்தில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

மடத்தம்மா காவி கட்டியதில்லை. சாயம் போன நீலச் சேலைதான் எப்போதும். முன்பு எங்கோ நர்சாக இருந்தவர் என்று பேச்சு. வெயிலுமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் அவனைவிட இளையவர். இருந்தாலும் அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனை அண்ணே என்பார்.

அந்தப் பிக்கப் ஒரு குவாரி முதலாளி கொடுத்தது. கல் ஏற்றுவதற்கென்றே செய்த முரட்டு வண்டி. பாரம் தாங்கும் பின்பக்கத்து வில் பட்டைகள் தடித்தவை. கல் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து வண்டி சமமாக நிற்கும்.

பிணத்துக்குத் தாழுமா?

எப்போதும் பின்பக்கம் தூக்கி, மூக்கு தரையைப் பார்த்தபடியே அது ஓடியது. பிரேக்கை மிதித்தால், பின்னால் கிடப்பவர் முன்னால் சரிந்து வருவார். அவர் தலை போய்க் கேபினில் முட்டும். வெயிலுமுத்துவின் முதுகுக்கு நேர் பின்னால்.

டொக்.

கயிறு கட்டிப் பார்த்தான். பழைய மெத்தையை வைத்துப் பார்த்தான். முட்டாத நாளிலும், இதோ முட்டப்போகிறது என்று காத்துக்கொண்டேதான் ஓட்டினான். கடைசியில் ஒரு பட்டறையில் விட்டு, முன் வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து மூக்கைத் தூக்கிவிட்டான்.

வண்டி சமமாக நின்றது. சத்தம் ஓய்ந்தது.

அப்புறம் இழுக்க ஆரம்பித்தது.

“போன வாரம் ஒரு கடையில அலைன்மென்ட் பாத்தேன். நேத்து இன்னொரு கடையில. எல்லாம் சரியா இருக்குங்கிறானுக. ரோட்டுல ஏறுனா இழுக்குது. யார் கண்ணுக்கும் தெரியாம என் கைக்கு மட்டும் தெரியுது.”

“ஆஸ்பத்திரியில இருந்து மறுபடியும் போன் வந்துச்சுண்ணே.”

“தெரியும்.”

“தண்டவாளத்துல கிடந்த பையன். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள எடுக்கலேன்னா, மத்த அனாதைப் பிணங்களோட சேத்து ஒரே குழியில போட்டு மூடிருவாங்களாம்.”

“வண்டி இப்படி இருக்கையில எப்படிம்மா எடுத்துட்டுப் போக? எவன் மேலயாவது ஏத்திட்டா? செத்தவனுக்காக இருக்கிறவனைக் கொல்லவா?”

“பிணவறை அந்தோணி உங்ககிட்ட வேற என்ன சொன்னாரு?”

முறத்தில் அரிசி எழுந்து விழுந்தது. உமி பறந்தது.

“காலு ரெண்டும் இல்லையாம்” என்றான் வெயிலுமுத்து.

அவனுக்கு ஒரு மகன். சொரிமுத்து. ஒரு நாள் காலையில் செருப்புப் போடாமல் வாசலில் இறங்கிப் போனான். செருப்புப் போடாமல் போனவன் தெருமுனை வரைக்கும்தான் போயிருப்பான் என்று யாரும் தேடவில்லை. பிறகு தேடினார்கள். தாய்க்காரி காத்திருந்தே செத்துப்போனாள். வெயிலுமுத்து தேடிக்கொண்டே அலைந்து, தேடிக்கொண்டே இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தான். ஊரிலிருக்கும் அனாதைப் பிணமெல்லாம் வந்து சேரும் இடம் இது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சொரிமுத்துவுக்கு இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கும். பிறக்கும்போதே அப்படி.

அதனால் பிணவறையில் வெயிலுமுத்து துணியைக் கால்மாட்டில்தான் தூக்குவான். இடது காலைப் பார்ப்பான். “எங்க ஆளு இல்ல” என்பான். மூடிவிடுவான்.

அதற்குமேல் பார்க்க அவனுக்கு ஒன்றும் இருந்ததில்லை.

“ஒண்ணு கேக்கவாண்ணே?” என்றார் மடத்தம்மா. “போன மாசம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு பெரியவரைக் கொண்டாந்தீங்களே. மீசை வெச்சிருந்தாரா?”

வெயிலுமுத்து யோசித்தான்.

“குதிங்கால் ரெண்டும் வெடிச்சிருந்துச்சும்மா.”

“அதுக்கு முந்தி ஒரு பொம்பளை. கம்மாயில இருந்து எடுத்தாங்களே.”

“மெட்டி கிடந்த தடம் இருந்துச்சு.”

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்தப் பெரியவருக்கு நீங்க போட்ட அரிசி வாயில விழலண்ணே. கன்னத்துல கிடந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன்.”

“கை நடுங்கியிருக்கும்.”

“கண்ணு மூடியிருந்துச்சு.”

வெளியே வண்டி நின்றுகொண்டிருந்தது. வெயிலுமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் புள்ளை உயிரோட கிடைக்கணும். அதுக்காகத்தான் இத்தனை பேரையும் சுமக்கேன். கால்னா, இல்லைன்னு சொல்லிட்டு வந்துரலாம். இவனுக்குக் காலும் இல்லைங்கிறான். முகத்தைப் பாத்து, அது அவனா இருந்துட்டா… அப்புறம் நான் எதைத் தேடுவேன்?”

மடத்தம்மா எழுந்து சேலையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டார்.

“வாங்க. வண்டியை முதல்ல பாத்துருவோம்.”

“நீங்க எதுக்கும்மா?”

“இழுக்குதுன்னீங்களே. எது இழுக்குதுன்னு பாக்க வேண்டாமா?”

*

பைபாஸ் ஓரத்தில் ராயப்பன் கடை. அலைன்மென்ட் வேலையில், சக்கரத்துக்கு நேர் பார்ப்பதில், கெட்டிக்காரன் என்று பெயர். வாயும் அப்படி.

“என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது? கல் வண்டிக்கு எதுக்கு இந்த மிடுக்கு?”

“மிடுக்குக்கு இல்ல. பின்னால இருக்கிறது சரிஞ்சு வந்து கேபின்ல முட்டுது. அதான் தூக்குனேன்.”

“முட்டாம இருக்கக் கயித்தைப் போட்டுக் கட்டணும். வண்டியையா தூக்குறது?”

அவன் அடியில் படுத்துப் பார்த்தான். குரல் மட்டும் வந்தது.

“முன்பக்கம் ஒசந்தா ஸ்டீரிங் கம்பி சாஞ்சுக்கும் அண்ணாச்சி. சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், ஸ்டீரிங் ஒரு பக்கம் பாக்கும். ஏற்கெனவே பாத்தவன் ஓரளவு நேர் பண்ணியிருக்கான். எதுக்கும் நான் முதல்ல இருந்து பாக்கேன்.”

வெளியே வந்து கையைத் துடைத்தான்.

“வண்டி வெறுமனே ஓடுமா, கனத்தோட ஓடுமா?”

“கனத்தோட.”

“அப்ப கனத்தை ஏத்திட்டு வாங்க. எந்தக் கனத்தோட ஓடுமோ அதோட வெச்சுத்தான் நேர் பாக்கணும். வெறும் வண்டியில நேரா நிக்கிறது கனம் ஏறுனா கோணிக்கும்.”

“கனம்னா… ஒரு ஆளுதான்.”

ராயப்பன் சிரித்துவிட்டான்.

“ஒரு மலையில பாதியை ஏத்துற வண்டி இது. ஒரு ஆளெல்லாம் இதுக்கு ஈ உக்காந்த மாதிரி.”

“இந்த வண்டிக்கு அதுதான் தம்பி கனம்” என்றார் மடத்தம்மா.

பின்கதவை இறக்கினார். ஏறினார். மூலையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறினார். கேபின் பக்கம் தலைவைத்து மல்லாந்து படுத்து, துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பாருங்க தம்பி. நான் அசைய மாட்டேன்.”

ராயப்பன் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தான். கரட்டடி மடம். அவன் வாயிலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

வண்டியைத் தரையில் பதித்த சுழல்தட்டுகளின் மேல் ஏற்றினான். நான்கு சக்கரத்திலும் கருவிகளை மாட்டினான். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு, அடியில் போய்த் திருகினான். நீட்டினான், குறுக்கினான். கணினித் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

துணிக்குள் ஒரு அசைவும் இல்லை. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதையும் அவர் ஓட்டவில்லை.

வெயிலுமுத்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராயப்பன் தானே வண்டியை எடுத்தான். வெயிலுமுத்து பக்கத்தில் உட்கார்ந்தான். பைபாஸில் ஏறி, வேகம் பிடித்ததும் ராயப்பன் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துவிட்டான்.

நூல் பிடித்தமாதிரி போயிற்று.

“இழுக்குதா?”

“இல்ல.”

“இதுக்கு மேலயும் இழுத்தா அது வண்டி இழுக்கிறது இல்ல அண்ணாச்சி.”

“வேற என்ன?”

“எனக்கென்ன தெரியும்? நான் சக்கரம் பாக்கிறவன்.”

*

“அம்மா, முன்னால வந்து உக்காருங்க.”

துணி அசையவில்லை.

“அம்மா.”

பதில் இல்லை. வெயிலுமுத்து ராயப்பனுக்குக் காசு கொடுத்தான். பிறகு பின்கதவைச் சாத்திவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினான்.

முதலில் நேராகத்தான் போயிற்று. வயல்கள் வந்தன. யாரும் இல்லை. அவன் ஸ்டீரிங்கைத் தளர்த்திப் பிடித்தான். கை லேசாக இருந்தது. மனசும்கூடக் கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. மடத்துக்குப் போய்விடலாம். வண்டி சரியாக இன்னொரு நாள் ஆகும் என்று சொல்லிக்கொள்ளலாம். சாயந்தரம் ஆகிவிடும். குழியை மூடிவிடுவார்கள். பார்க்காத முகம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதை நினைத்தது தான்தானா என்று அவனுக்கே திக்கென்றது.

அப்போது சாலையோரத்தில் அவர்கள் வந்தார்கள். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள். சில வாரங்களாகவே சாலையெல்லாம் அவர்கள்தான். வரிசை வரிசையாக, இடது ஓரமாக.

ஒருவர் காலிலும் செருப்பில்லை.

வெறுங்கால்கள். புழுதிக் கால்கள். கொப்புளத்துக்குத் துணி சுற்றிய கால்கள். இளசான கால்கள். இடது கால் முன்னால் வந்தது, பின்னால் போயிற்று, முன்னால் வந்தது.

“ஏய்! ஏய்!”

பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி கத்தியது.

டொக்.

முதுகுக்கு நேர் பின்னால்.

பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஓர் இளைஞன் சாலையை விட்டுச் சரிவில் விழுந்து கிடந்தான். அடி எதுவும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டினான். தலையில் மூட்டை வைத்திருந்த ஓர் அம்மாள் சன்னலுக்கே வந்துவிட்டாள்.

“எங்கய்யா பாக்கிற? ரோட்டைப் பாத்து ஓட்ட மாட்டியா? காலையே பாத்துக்கிட்டு வாறான், செருப்பு விக்கிறவன் மாதிரி!”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ முருகா என்றார்கள்.

வெயிலுமுத்து தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. ஸ்டீரிங் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

வேறு யாரும் அதைத் திருப்பவில்லை.

அவன் இறங்கிப் பின்னால் ஓடினான். பின்கதவை இறக்கினான். துணியைத் தூக்கினான்.

இரண்டு கால்கள். சேற்றுப்புண் ஆறிய விரலிடுக்குகள். அவன் கண் இடது காலின் சுண்டுவிரலில் போய் நின்றது. அது நேராக இருந்தது.

“அது கால்மாடுண்ணே” என்றது துணிக்குள்ளிருந்து குரல். “தலைமாடு இங்க இருக்கு.”

வெயிலுமுத்து அப்படியே நின்றான்.

எத்தனையோ பேரை அந்த வண்டியில் கொண்டுவந்திருக்கிறான். ஒரு நாளும் அதன் பின்தட்டில் அவன் ஏறியதில்லை. இப்போது ஏறினான். முழங்கால் தகரத்தில் இடித்தது. தவழ்ந்து தலைமாட்டுக்குப் போனான். துணியின் ஓரத்தைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே இருந்தான்.

தூக்கினான்.

நெற்றியில் ஒரு வீக்கம். அதன் நடுவே பொட்டாக ரத்தம். ஒரு கண் மற்றதைவிடச் சற்றுச் சிறியது. மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு. இத்தனை காலமாக அம்மா அம்மா என்று கூப்பிட்ட முகம். இப்போதுதான் பார்த்தான்.

அவர் கண்கொட்டாமல் அவனையே பார்த்தார்.

மெல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே காத்திருந்தார்.

அவன் கை தானாக மடியைத் தடவியது. மடியில் அரிசி இல்லை.

“எந்திரிங்கம்மா” என்றான். “எந்திரிங்க, போதும்.”

“எங்க போறோம்?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“ஆஸ்பத்திரிக்கு.”

*

பிணவறை அந்தோணி வழக்கம்போலக் கால்மாட்டில் இடம் விட்டு ஒதுங்கி நின்றான். பிறகு நினைவு வந்து, “இங்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றான்.

முழங்காலுக்குக் கீழே துணி தட்டையாகக் கிடந்தது.

வெயிலுமுத்து சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனான்.

“நான் தூக்கட்டா?”

“வேண்டாம்.”

மடத்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவன் தூக்கினான்.

சொரிமுத்து இல்லை.

மூச்சு வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் வருகிற அதே மூச்சு. அது வந்ததும் துணி கையிலிருந்து விழுந்துவிடும். விழுந்தபின் வெளியே போய் ஒரு டீ குடிப்பான். அந்த டீ இனிக்கும்.

இன்றைக்குத் துணி கையிலேயே இருந்தது.

“உங்க ஆளு இல்லல்ல?”

“இல்ல.”

“அப்ப ஏத்திரலாமா?”

“காதைப் பாரு அந்தோணி.”

“காதா?”

“குத்தின தடம் இருக்கு பாரு. தூந்து மூடிப்போச்சு. யாரோ மடியில உக்கார வெச்சுக் குத்தியிருக்காங்க. கத்தியிருப்பான்.”

அந்தோணி அவனை ஒரு மாதிரி பார்த்தான்.

“தாடையில ஒரு கீறல். பிளேடு பட்டது. அன்னைக்குக் காலையில சவரம் பண்ணிட்டுத்தான் கிளம்பியிருக்கான்.”

“அண்ணாச்சி, நேரமாகுது.”

“இரு. பாத்துக்கிறேன்.”

ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மடத்தம்மா இப்போது முன்னால் உட்கார்ந்தார். சாலை ஓரத்தில் பச்சை வேட்டிகள் நடந்துகொண்டேயிருந்தன. வண்டி நேராகப் போயிற்று. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, வேகத்தடையில் பிரேக் போட்டது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

பாதி வழியில் வெயிலுமுத்து ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிறுத்தினான்.

“என்னண்ணே?” என்றார் மடத்தம்மா.

“ஒண்ணும் இல்ல. சத்தமே காணோம்.”

பொழுது சாயும் முன் குழியருகே இறக்கினார்கள். முறத்தில் புடைத்து வைத்த அரிசியை மடத்தம்மா நீட்டினார். வெயிலுமுத்து கைநிறைய அள்ளினான். குனிந்தான். கண் மூடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதால் முகம் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு, தெளிந்தபிறகு போட்டான்.

மடத்தம்மா எட்டிப் பார்த்தார்.

கன்னத்தில் ஒரு மணி அரிசி இல்லை.

*

மறுநாள் ராயப்பன் கடையைத் திறக்கும்போது வாசலில் பிக்கப் நின்றுகொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, இன்னும் இழுக்குதா?”

“இல்ல. நேராப் போகுது.”

“அப்புறம்?”

“முன்னால வெச்ச கட்டையைக் கழட்டிரு.”

“நேத்துத்தான திருகித் திருகிப் பாத்துச் சரிபண்ணுனேன்! கழட்டுனா எல்லாம் மாறிப்போகுமே. திரும்ப முதல்ல இருந்து நேர் பாக்கணும்.”

“பாரு.”

“மூக்கு கீழ வந்துரும். பின்னால இருக்கிறது சரிஞ்சு வரும். மறுபடியும் உங்க முதுகுலதான் வந்து முட்டும்.”

வெயிலுமுத்து பின்கதவை இறக்கினான். ஏறிப் படுத்தான். கேபின் பக்கம் தலைவைத்துக்கொண்டான்.

“முட்டட்டும்” என்றான்.